மலை நகராது... வெளிச்சம்தான் வர வேண்டும்!

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறரை மணிக்கெல்லாம் எல்லோருடைய செல்போனிலும் ஒரு படம் வந்து விழுந்துவிடும். திருவண்ணாமலை மலை உச்சியில் தீபம். அதை ஒட்டி, தோசைக்கல் அளவுக்கு ஒரு முழு நிலா. கீழே ராஜகோபுரம். அத்தை அனுப்புவார், சித்தப்பா அனுப்புவார், அபார்ட்மென்ட் குரூப்பில் மூன்று பேர் அனுப்புவார்கள். வந்த படத்தைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டுவிட்டு, இன்னும் நாலு பேருக்கு அனுப்பினால்தான் பலருக்கு மனசு ஆறும்.

அந்தப் படத்தில் ஒரே ஒரு சிக்கல். அந்த நிலா அங்கே இருக்கவே முடியாது.

பௌர்ணமி நிலா சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கும். சூரியன் மேற்கே இறங்குகிறபோது அது கிழக்கே ஏறும். அண்ணாமலையார் கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. 217 அடி ராஜகோபுரத்துக்கு முன்னால் நின்று மலையைப் பார்க்கிறவர் மேற்கே பார்க்கிறார். உச்சியில் தீபம் ஏற்றும் 6 மணிக்கு நிலா அவருடைய முதுகுக்குப் பின்னால், அடிவானத்தில், அப்போதுதான் எழுந்து கொண்டிருக்கும். கார்த்திகை நட்சத்திரத்தை வைத்து நாள் குறிப்பதால் சில வருடம் தீபம் பௌர்ணமிக்கு ஓரிரு நாள் முன்பின்னாக வரும். 2024-ல் டிசம்பர் 13-ம் தேதி தீபம், பௌர்ணமி 15-ம் தேதி. அப்படி வந்தாலும் அந்த நேரத்தில் நிலா இருப்பது கிழக்கு வானத்தில்தான்.

சரி, மலைக்கு அந்தப் பக்கம், அடி அண்ணாமலையில் நின்று கிழக்கே பார்த்தால்? பௌர்ணமியன்று அங்கேயும் நடக்காது. அப்போதுதான் எழுந்த நிலாவை 2,668 அடி உயர மலை முழுசாக மறைத்துக்கொண்டு நிற்கும்.

ஆக, யாரோ கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நிலாவை எடுத்து ஒட்டியிருக்கிறார். பக்தியோடு ஒட்டியிருக்கலாம். ஆனாலும் ஒட்டியதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்படி ஒரு காட்சி நிஜமாகவே உண்டு. காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மாலையில் கிழக்கே எழுந்த நிலா ராத்திரி முழுக்க வானத்தைக் கடந்து, விடியலுக்கு முந்தைய மணிகளில் மேற்கே இறங்கும். தீபமோ விடிய விடிய எரியும். அன்று மட்டுமல்ல, 11 நாட்கள் எரியும். அதிகாலையில் ஊருக்குக் கிழக்கே, வானம் மறைக்காத ஒரு மொட்டைமாடியில் சரியான கோணம் பார்த்து நின்றால் மலைப்பக்கம் இறங்குகிற நிலாவையும் உச்சித் தீபத்தையும் ஒரே சட்டத்துக்குள் பார்க்கலாம். நிலா தோசைக்கல் அளவுக்கு இருக்காது, அது வேறு விஷயம். அந்த நேரத்தில் கூட்டத்தில் பாதி பஸ் ஏறியிருக்கும். மீதிப் பாதி கிரிவலப் பாதை ஓரத்தில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருக்கும். பனியில் லென்ஸ் வேர்த்துப் போகும். சட்டை நுனியால் துடைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். மேகம் ஒன்று வந்தால் அந்த வருடம் கதை முடிந்தது.

இப்படி ஒரு ராத்திரி முழுக்கக் கொசுக்கடியில் உட்கார்ந்து எடுத்த படமும், ஐந்து நிமிடத்தில் ஒட்டிய படமும் செல்போனில் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. பார்க்கிறவர் கட்டைவிரல் இரண்டையும் ஒரே வேகத்தில்தான் தள்ளுகிறது. சொல்லப்போனால் ஒட்டியதற்குத்தான் லைக் அதிகம். அதில் நிலா பெரிசு.

தீபம் ஏற்றும் நேரத்துக்கு வருவோம். பத்து நாள் உற்சவத்தின் கடைசி நாள். விடியற்காலை 4 மணிக்குக் கோயிலுக்குள் பரணி தீபம். மலை மேலே பர்வதராஜ குலத்தைச் சேர்ந்தவர்கள் கொப்பரையைத் தயார் செய்து, நெய் ஊற்றி, காடாத் துணித் திரியைப் போட்டு வைத்திருப்பார்கள். நெய் மட்டும் மூவாயிரம் கிலோவுக்கு மேல். மாலையில் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வருவார். வருடத்தில் ஒரே ஒரு முறை, அதுவும் ஓரிரு நிமிடம். ஆடிக்கொண்டே வந்து ஆடிக்கொண்டே உள்ளே போய்விடுவார். உடனே உச்சியில் ஜோதி. 'அரோகரா' என்று ஊரே அதிரும்.

அந்தச் சமயத்து வானத்தைக் கவனித்தால் ஒரு பொருத்தம் தெரியும். நவம்பர் கடைசியிலும் டிசம்பர் பாதியிலும் திருவண்ணாமலையில் சூரியன் 5.45-லிருந்து 5.52-க்குள் மறைந்துவிடுகிறது. 6 மணிக்கு வெயில் போய் எட்டிலிருந்து பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். வானம் இன்னும் கறுக்கவில்லை. மயில் கழுத்து நிறத்தில் ஒரு நீலம். மலையின் மடிப்புகள் இன்னும் கண்ணுக்குத் தெரிகின்றன. தீபத்தின் வெளிச்சமும் வானத்தின் வெளிச்சமும் கேமரா தாங்கக்கூடிய அளவில் கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று சரியாக நிற்கிற நேரம் அது. அரை மணி முன்னால் ஏற்றியிருந்தால் தீபம் ஒரு மஞ்சள் புள்ளி. அரை மணி கழித்து எடுத்தால் மலை காணாமல் போய், இருட்டில் தொங்கும் ஒரு வெள்ளைப் பொட்டு. நடுவே கிடைப்பது சுமார் பத்து நிமிடம். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால், ஐரோப்பாக்காரர்களுக்குக் கிடைப்பது போல அந்தி இங்கே இழுத்துக்கொண்டே போகாது. கதவைச் சாத்துவது மாதிரி சட்டென்று இருட்டிவிடும்.

6 மணி என்று வைத்தவர்கள் கேமராவை நினைத்து வைத்திருக்க மாட்டார்கள். கூட்டத்தில் நிற்கும் சாதாரணக் கண்ணுக்கு மலையும் தெரிய வேண்டும், தீயும் தெரிய வேண்டும் என்றால் நாளின் எந்தப் பத்து நிமிடம் சரி? கேமராவும் அதே பத்து நிமிடத்தைத்தான் கேட்கிறது.

மற்ற நாட்களில் வருகிறவருக்கு இந்த அவசரம் இல்லை. ஆனால் வேறு கணக்கு உண்டு. வெளிச்சத்தைப் படிக்க வந்தவருக்கு இந்த ஊரில் தனியாகத் திசைகாட்டிகூட வேண்டாம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கம் வைத்திருக்கிறார்கள். இந்திர லிங்கம் கிழக்கு, எம லிங்கம் தெற்கு, வருண லிங்கம் மேற்கு, குபேர லிங்கம் வடக்கு. இடையில் சூரிய லிங்கம், சந்திர லிங்கம்கூட உண்டு.

முதல் தடவை கேமரா தூக்கி வருகிறவர் காலையில் கிழக்கே நின்றுதான் எடுப்பார். மலை சிவப்பாக வரும், சந்தோஷமாகத் திரும்பிப் போவார். வீட்டில் போய்ப் பார்த்தால் அது ஸ்டூடியோவில் எடுத்த பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கும். வெயில் நேராக முகத்தில் அடித்து, மேடு பள்ளம் எதுவும் தெரியாமல், தட்டையாக. இரண்டாம் தடவை கந்தாசிரமத்துக்கு ஏறுவார். அங்கிருந்து கீழே கோயிலும் கோபுரங்களும் ஊரும் ஒரு கோலம் மாதிரி தெரியும். காலையில் போனால் வெயில் எதிரே நின்று கண்ணைக் கூசும். பனிக்காலத்தில் கோபுரங்கள் வெறும் நிழலுருவமாக மிதக்கும். சிலருக்கு அதுவே பிடித்துப் போகும். கோபுரத்தின் சுதை வேலையெல்லாம் தெரிய வேண்டும் என்றால் பிற்பகல் வரை பாறையில் உட்கார வேண்டும். குரங்குகள் பையைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்காரும்.

மூன்றாம் தடவைதான் பலர் தெற்கே வருகிறார்கள். ரமணாசிரமம் இருக்கிற பக்கம். அங்கிருந்து மலை வடக்கே இருக்கிறது. அதனால் காலையிலும் மாலையிலும் வெயில் பக்கவாட்டில் வந்து விழும். ஒவ்வொரு பாறைக்கும் ஒரு நிழல் கிடைக்கும். அதுவரை முக்கோணமாகத் தெரிந்த மலைக்கு அப்போதுதான் உடம்பு வரும்.

வடக்குப் பக்கத்துக்குத்தான் பாவம், வெளிச்சம் குறைச்சல். குளிர்காலம் முழுக்கச் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் குபேர லிங்கத்துப் பக்கச் சரிவு பெரும்பாலும் நிழல்தான். அந்தப் பக்கத்துக்கும் ஒரு காலம் உண்டு. திருவண்ணாமலை 12 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நடுப்பகல் சூரியன் தலைக்கு மேலே சற்று வடக்கே நகர்ந்துவிடும். அப்போது வடக்குச் சரிவு வெளிச்சமாகும். அதில் பாதி, அக்னி நட்சத்திரமும் அதன் மிச்சமும். பகலில் வெறுங்காலோடு அந்தத் தார் ரோட்டில் நடக்க முடியாத மாதங்கள். வடக்கு முகத்து மலைப் படங்கள் ஏன் குறைவு என்று கேட்டால், பதில் உள்ளங்காலில் இருக்கிறது.

அருணாசலம் என்ற பெயரையே பிரித்துப் பார்க்கலாம். அருணம் என்றால் விடியலின் சிவப்பு. அசலம் என்றால் அசையாதது. ஓயாமல் மாறுகிற ஒன்றையும் கொஞ்சமும் நகராத ஒன்றையும் சேர்த்து ஒரே பெயராக்கியிருக்கிறார்கள். அடியும் முடியும் காணாத நெருப்புத் தூண்தான் இப்படி மலையாகக் குளிர்ந்தது என்பது தலபுராணம். பார்வதி விளையாட்டாகச் சிவனின் கண்ணைப் பொத்த உலகமே இருண்டு போனதாகவும், அதற்குப் பிராயச்சித்தமாகத் தவம் செய்து இங்கேதான் பாதி உடம்பைப் பெற்றதாகவும் இன்னொரு கதை. எந்தக் கதையை எடுத்தாலும் வெளிச்சம் வருவதும் போவதுமாகத்தான் இருக்கிறது.

நல்ல வெளிச்சத்துக்கு மேகம் வேண்டும் என்பார்கள் படமெடுக்கிறவர்கள். வெறும் நீல வானத்தில் ஒன்றும் கிடைக்காது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மறுநாள் காற்றில் தூசி அடங்கியிருக்கும், உச்சியில் ஒரு மேகம் தலைப்பாகை மாதிரி சுற்றியிருக்கும். அந்த மேகம் விலகி வெயில் விழும் ஒரு நிமிடத்துக்காக டீக்கடை பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்காருவார்கள். 'இன்னிக்கு இறங்காது சார்' என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டே இருப்பார். நாலாவது டீயும் போகும்.

ஆனால் அந்த மழை எல்லோருக்கும் ஒன்றில்லை. 2024 டிசம்பர் 1-ம் தேதி ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து, அடிவாரத்தில் வ.உ.சி. நகர் வீட்டின் மேல் விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள். ஐந்து பேர் குழந்தைகள். பன்னிரண்டு நாள் கழித்துத் தீபம். பக்தர்கள் மலையேற அந்த வருடம் அனுமதி இல்லை. கொப்பரையும் நெய்யும் மேலே போயின, தீபம் எரிந்தது. அன்று மலையைப் படமெடுத்தவர்களின் சட்டத்துக்குள், வேண்டுமென்றாலும் வேண்டாமென்றாலும், அந்தச் சரிவும் இருந்தது. அதைப் பார்க்காமல் மேகத்தை மட்டும் பார்ப்பதற்கு ஒரு தனி மனசு வேண்டும்.

சூரியன் இறங்க, எதிரே நிலா ஏற, நடுவே கிடைக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே உலகப் புகழ் பெற்ற ஒரு படம் உண்டு. அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோவில் எடுத்தது. ஹெர்னாண்டஸ் என்ற குக்கிராமம், ஒரு சிறிய தேவாலயம், கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள்; மேலே கறுத்த வானத்தில் ஒரு சின்ன நிலா. ஒன்றும் சரியாக அமையாத ஒரு நாள் முடிந்து மகனோடும் நண்பரோடும் காரில் திரும்பிக்கொண்டிருந்தவர், பக்கவாட்டில் அந்தக் காட்சியைப் பார்த்ததும் வண்டியை ஓரம் கட்டினார். முக்காலியைக் கொண்டா, அதைக் கொண்டா, இதைக் கொண்டா என்று ஒரே களேபரம். வெளிச்சம் அளக்கும் மீட்டர் மட்டும் கிடைக்கவில்லை. நிலாவின் வெளிச்சம் எவ்வளவு என்பது மனப்பாடமாகத் தெரிந்திருந்ததால் மனக்கணக்காகவே போட்டு ஒரு படம் எடுத்தார். பாதுகாப்புக்கு இன்னொன்று எடுக்கத் தகட்டைத் திருப்புவதற்குள் சிலுவைகள் மேலிருந்த வெயில் போய்விட்டது. கையில் மிஞ்சியது ஒன்றே ஒன்று.

அதை எடுத்த தேதி அவருக்கு மறந்துவிட்டது. ஒரு புத்தகத்தில் ஒரு வருடம், இன்னொன்றில் வேறு வருடம். அவர் இறந்த பிறகு, 1991-ல், டென்னிஸ் டி சிக்கோ என்ற வானியல் ஆர்வலர் படத்தில் நிலா நிற்கும் இடத்தை வைத்தே கணக்குப் போட்டுச் சொன்னார்: 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம். நிலாவை ஒட்டாமல் எடுத்ததில் இப்படி ஒரு லாபம். படமே சாட்சி சொல்கிறது.

இருட்டறையில் அச்சுப் போடும்போது ஆடம்ஸ் அந்த வானத்தை இன்னும் இன்னும் கறுப்பாக்கிக்கொண்டே போனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கை வைக்காத படம் எதுவும் இல்லை. ஆனால் இருக்கிற வானத்தைக் கறுப்பாக்குவது வேறு, கிழக்கே இருக்கிற நிலாவைத் தூக்கி மேற்கே வைப்பது வேறு.

திருவண்ணாமலையில் நடந்தது இதற்கு நேர் எதிர். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி கையில் வந்த புற்றுக்கட்டியோடு கடைசி நாட்களில் இருந்தபோது, ஹென்றி கார்த்தியே ப்ரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் மனைவியோடு வந்து சுமார் இரண்டு வாரம் ஆசிரமத்தின் அருகே தங்கியிருந்தார். சாமானிய ஆள் இல்லை. மேக்னம் என்ற புகைப்பட நிறுவனத்தை 1947-ல் நண்பர்களோடு தொடங்கியவர். 1948 ஜனவரி 30-ம் தேதி காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்பு அவரைப் பார்த்துப் படமெடுத்தவர். சின்ன லைக்கா கேமரா, ஃபிளாஷ் கிடையவே கிடையாது. இருக்கிற வெளிச்சம் போதும் என்பது அவர் கட்சி. சரியான கணத்தில் விரல் அமுங்க வேண்டும், அவ்வளவே. இரண்டு வருடம் கழித்து வந்த அவருடைய புத்தகத்துக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரின் அர்த்தமே 'தீர்மானிக்கும் கணம்' என்பதுதான்.

இயற்கைக் காட்சி எடுப்பவர்களைப் போல வெளிச்சத்துக்காக மணிக்கணக்கில் காத்திருக்கிற ஆளும் இல்லை அவர். ஆனால் இங்கே காத்திருந்தார். எதற்காக என்று ஆசிரமத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

ஏப்ரல் 14-ம் தேதி இரவு. தேய்பிறை திரயோதசி. விடியற்காலையில்தான் நிலா வரும், முன்னிரவு கும்மிருட்டு. தங்கியிருந்த வீட்டுக்கு முன்னால் நின்றவரை நண்பர்கள் வானத்தைப் பார்க்கச் சொன்னார்கள். தெற்கேயிருந்து வால் நீண்ட ஓர் ஒளி மெதுவாக நகர்ந்து வந்து, அருணாசல உச்சியைத் தொட்டு, பின்னால் மறைந்தது. இப்படியோர் எரிநட்சத்திரத்தைத் தான் பார்த்ததே இல்லை என்று பிறகு சொன்னார். உடனே எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். 8 மணி 47 நிமிடம். ஆசிரமத்துக்கு ஓடினால், ரமணர் அதே நிமிடத்தில் உடலை விட்டிருந்தார்.

அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்பது அவரவர் நம்பிக்கை. அந்த ஒளியைச் சென்னையிலும் சிலர் பார்த்ததாகப் பதிவுகள் இருக்கின்றன.

உலகத்திலேயே கணத்தைப் பிடிப்பதில் பெயர் வாங்கியவர் அன்று அந்த வானத்துக்குக் கீழே நின்றார். படம் இல்லை. இருக்கவும் முடியாது. எரிநட்சத்திரத்தைப் பார்த்த பிறகு கேமராவைத் தூக்கிப் பிரயோஜனம் இல்லை. அது வருவதற்கு முன்பே கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்து ஃபிலிமில், கையில் பிடித்த லைக்காவில், நிலா இல்லாத இரவில், கறுப்பு வானத்துக்கு முன் கறுப்பு மலை... ஒன்றும் பதிந்திருக்காது. அவர் கை அன்று கேமராவுக்குப் போகவில்லை, கடிகாரத்துக்குப் போனது. ஆடம்ஸிடம் படம் இருந்தது, நேரம் இல்லை. இவரிடம் நிமிடம் பிசகாமல் நேரம் இருக்கிறது, படம் இல்லை.

வந்த வேலையை அவர் விடவில்லை. திரண்ட கூட்டத்தையும் துக்கத்தையும் எடுத்தார். அந்த மாதம் முடிவதற்குள் புதுச்சேரிக்குப் போய், பல வருடங்களாக யாரும் படமெடுக்காத ஸ்ரீஅரவிந்தரையும் எடுத்தார். டிசம்பரில் அரவிந்தரும் மறைந்தார். அந்தப் படங்களெல்லாம் இன்று உலகம் முழுக்க இருக்கின்றன. 1970-களில் கேமராவைப் பெரும்பாலும் ஓரம் கட்டிவிட்டு, பென்சில் எடுத்து ஓவியம் வரையப் போய்விட்டார்.

ரமணரின் ஆராதனை திதிப்படிதான் நடக்கிறது. அதனால் ஒவ்வொரு வருடமும் அன்று முன்னிரவில் நிலா இருக்காது. ஆசிரமத்துப் பக்கம் நின்று வடக்கே பார்த்தால், விளக்குகளுக்கு மேலே மலை இருட்டோடு இருட்டாக நிற்கும். அன்றைக்கு யாரும் நிலாப் படம் அனுப்புவதில்லை.